அப்பாவின் கடைவாய்ப்பல்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். பிடுங்கிப் போடாமல் டாக்டரிடம் போனதே எனக்குப் பெரிய ஆறுதல். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போனை எடுத்தால் எனக்கு 'ம்' மட்டும்தான் வரும், உங்களுக்குத் தெரியாததா?

நான் பல் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கருவிகளைக் கழுவி அடுக்குகிறேன், டாக்டரம்மா கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிறேன். நோயாளிகளிடம் பேசத்தான் கூச்சம். ஆனால் காது திறந்தே இருக்கிறது. அதனால் சொல்கிறேன். வாய் மரத்துப்போயிருக்கும்போது எதையும் மெல்லாதீர்கள், உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள். இரண்டு மூன்று நாள் லேசான வலி இருக்கும், அது சகஜம். வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். அடுத்து எப்போது வரச் சொன்னார்கள்?

உங்கள் மகள்

மார்ச் 11

என் ஊமைக்கோட்டானுக்கு,

அடுத்ததாவது மண்ணாவது! வலி போன இடம் தெரியவில்லை. நேற்று பட்டறையில் எல்லாருக்கும் வாயைத் திறந்து காட்டினேன். நம் வெல்டிங்காரன், "அண்ணே, ஒரே நாள்ல முடிச்சிட்டீங்களா? நீங்க ஆளு கெட்டிதான்" என்றான்.

மூன்று தடவை வர வேண்டும் என்றுதான் இங்கே உள்ள டாக்டர் சொன்னார். வலியே இல்லாதவனுக்கு என்ன வைத்தியம்? தவிர, இரண்டு லாரி என்ஜின் பிரித்த நிலையில் கிடக்கிறது. மூச்சு விட நேரமில்லை. நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். வலி போனதால் பல் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டார்கள். வலிக்கிறது என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது இருப்பது தற்காலிக அடைப்பு. அது தேய்ந்தால் எச்சிலும் கிருமியும் வேர் வரை இறங்கும். சீழ் பிடித்து முற்றிவிட்டால் பல்லைப் பிடுங்கும்படி ஆகலாம். வேர்க் குழாய்களை மயிரிழை மாதிரி மெல்லிய அரங்களால் முழுக்கச் சுத்தம் செய்து, நிரந்தரமாக அடைக்க வேண்டும். அதற்குமேல் உறை போட வேண்டும். குடைந்த கடைவாய்ப்பல்லை உறை இல்லாமல் விட்டால் மெல்லும்போது பிளந்துவிடும்.

என்ஜினைத் திறந்துபோட்டு, மேலே தார்ப்பாயை மூடி, வண்டி தயார் என்று நீங்கள் யாருக்காவது சாவி கொடுத்திருக்கிறீர்களா?

இங்கே "வேலை ஜாஸ்தி" என்று சொல்லி வராமல் போகிறவர்களில் பாதிப் பேருக்கு ஊசி பயம். உங்களைச் சொல்லவில்லை.

உங்கள் மகள்

மார்ச் 26

கண்ணு,

திட்ட மாட்டேன் என்றால் மேலே படி.

போன வாரம் கடலை மென்றபோது அடைப்பு பெயர்ந்து வந்துவிட்டது. டீசல் டேங்க் ஓட்டையை அடைக்கிற பசை இருக்கிறதே, அதில் பட்டாணி அளவு எடுத்துப் பிசைந்து வைத்துவிட்டேன். டேங்கில் வைத்தால் பத்து வருஷம் ஒழுகாது. பல்லிலும் கல் மாதிரி நிற்கிறது. ஆனால் நேற்றிலிருந்து கன்னம் உப்பியிருக்கிறது. "ஒரு பக்கம் மட்டும் சதை போட்டிருக்கே அண்ணே, சாப்பாட்டை ரெண்டு பக்கத்துக்கும் பிரிச்சு சாப்பிடுங்க" என்கிறான் வெல்டிங்காரன்.

நீ சொன்னது சரிதான். காரணம் வேலை இல்லை, ஊசிதான். முதல் நாள் அந்த நாற்காலியில் படுத்ததும் கையெல்லாம் சில்லிட்டுவிட்டது. டாக்டர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்றே தெரியவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லாதே.

அப்பா

ஏப்ரல் 9

அன்பு மகளுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கன்னம் பழையபடி ஆகிவிட்டது. என் கடிதம் கிடைத்த அன்றைக்கு நீயே போன் போட்டு, "அப்பா, இப்பவே பஸ் ஏறுங்க" என்றதும் கிரீஸ் படிந்த சட்டையோடு ஏறிவிட்டேன். டாக்டரம்மா முக்கால் மணி நேரம் என் பசையைக் குடைந்தெடுத்துவிட்டு, "இது எந்த ஆஸ்பத்திரி சிமெண்ட்?" என்று கேட்டார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். சீழ் எலும்புக்குள் பரவும்முன் வந்ததால் பல் பிழைத்தது என்றார். உறை போட இருபதாம் தேதி வருகிறேன். லீவு சொல்லியாகிவிட்டது.

வேரை அடைத்த அன்று நீ தலைமாட்டில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். "இப்ப ஊசி. சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுங்க. இது வேரோட நீளம் அளக்கிறாங்க. இப்ப தண்ணி சத்தம் வரும், பயப்படாதீங்கப்பா." பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள், "அந்தப் பொண்ணை எனக்கும் அனுப்புங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை என்று உன் டீச்சர் சொன்னபோது, நானும் அப்படியே நம்பிவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் வந்துவிட்டேன். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொன்னாய். நடுவில் ஒருமுறை தூக்கினேன். டாக்டரம்மா பதறி எல்லாவற்றையும் நிறுத்தினார். பல்லைச் சுற்றி வாய்க்கு மேல் ரப்பர் விரிப்பு மாட்டியிருந்தார்கள், என்னால் விளக்கம் சொல்ல முடியவில்லை. வலிக்கவில்லை, கண்ணு. நீ பேசுவதை நிறுத்தியிருந்தாய்.

அப்பா