அண்ணன் பெயரைச் சொல்லாத மதினிக்கு

மதினி,

முனிசிபாலிட்டி ஆபீஸ் சுவரில் இன்று புது ஓட்டர் லிஸ்ட் ஒட்டியிருக்கிறார்கள். பசை இன்னும் காயவில்லை. மேகம் இறங்கிய ஈரத்தில் அந்தப் புளித்த வாடை ரோடு வரைக்கும் அடித்தது. நாயுடுபுரம் வார்டைத் தேடி, நம் தெருவைக் கண்டுபிடித்து, அண்ணன் பெயரில் விரலை வைத்தேன். அடுத்த வரியில் நீங்கள் இல்லை. போன மாசியில் நீங்கள் போய்ச் சேர்ந்ததை நானேதான் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மேலும் கீழும் ஒருதரம் தேடிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அந்த லிஸ்டில் உங்கள் பெயரை ஏற்ற நாம் பட்ட பாடு கொஞ்சமா? அப்போது எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவில் குடித்தனம். கவுன்சிலர் எலெக்சன் வருகிறது என்றதும் ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து யாருக்குப் போடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கம் குழாய் கிடையாது. ஓடைக்கு இறங்கி, வழுக்குகிற மேட்டில் இடுப்புக் குடத்தோடு ஏறி வந்த நீங்கள் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினீர்கள்.

"தண்ணி தூக்குறது நாம, ஓட்டு மட்டும் அவுகளுக்கா? எம்பேரும் லிஸ்டுல இருக்கணும் ஏத்தா. நீ போய்ப் படிச்சுப் பாத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். உங்கள் பெயர் இருந்தது, வீட்டு நம்பரும் சரி. புருஷன் பெயருக்கு நேரே 'தண்டபாணி' என்று போட்டிருந்தது. யாரப்பா இந்தத் தண்டபாணி? எங்கள் அண்ணன் பெயர் பழனிச்சாமி!

கணக்கெடுக்க ஆள் வந்தபோது வீட்டில் நீங்கள் தனியாக இருந்திருக்கிறீர்கள். வீட்டுக்காரர் பேரென்ன என்று கேட்டிருக்கிறார். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடும் என்று, தாலி கட்டிய நாள் முதல் அந்தப் பெயரை வாயில் எடுக்காதவர் நீங்கள். பழனி பஸ்ஸைக்கூட 'மொட்ட போடுற ஊரு பஸ்ஸு' என்றுதான் சொல்வீர்கள். அவரிடமும், "கீழ மலைமேல கோவணத்தோட நிக்கிறாருல்ல சாமி, அவரு பேருதேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த மனுஷனும் அந்தச் சாமிக்கு உள்ள பெயர்களில் ஒன்றை எழுதிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை.

"இப்புடியே போனா உள்ள விடுவாகளா?"

"விட மாட்டாக மதினி. ஏஜென்ட்டுன்னு ஒருத்தன் உக்காந்திருப்பான். இவ புருஷன் தண்டபாணி இல்ல, கள்ள ஓட்டுன்னு கத்துவான்."

லிஸ்டில் தப்பு இருந்தால் குறித்த தேதிக்குள் மனுக் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். கொடுத்தோம். விசாரணைக்கு வரச் சொன்னார்கள். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த ஆபீசர், மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, நம் ஊர்க் குளிரைத் திட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "பழனிச்சாமிங்க. நான் அவருக்குத் தங்கச்சி" என்றேன்.

"மனுக் குடுத்தது அவங்க. அவங்கதான் சொல்லணும்."

"நான் சொன்னா அவருக்கு ஆகாதுங்க" என்றீர்கள். "லாரி ஓட்டுறவருங்க. காட் ரோட்டு வளைவுல எறங்கி ஏறுறவரு."

ஆபீசர் சிரித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உருளைக்கிழங்கு மூட்டையோடு அண்ணன் வத்தலக்குண்டுக்கு இறங்குகிற நாளில், லாரிச் சத்தம் கேட்கிறவரை நீங்கள் ஒரு வாய் சாப்பிட மாட்டீர்கள். அது அவருக்கு எங்கே தெரியப் போகிறது? நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நீங்களே கேட்டீர்கள்.

"அப்பன் பேரு போட்டா ஆகாதுங்களா? அதச் சொல்லுவேன்."

அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "போடலாம். ஆனா கல்யாணமான பொம்பளைங்க யாரும் அப்படிப் போடுறதில்ல."

"போடலாம்ல? போடுங்க."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? சேதி லாரி செட்டுக்குப் போய்விட்டது. 'பழனிச்சாமி பொண்டாட்டி அப்பன் வீட்டு ஓட்டாமே' என்று அங்கே ஒரே கேலி. அண்ணன் வீட்டுக்கு வந்து குதித்தார். நானும் இருந்தேன்.

"குத்துக்கல்லாட்டம் நான் இருக்கையில அப்பன் பேரா? செத்தா போனேன்?"

"ஒங்க உசுருக்குப் பயந்துதேன் சொல்லல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஓட்டுப் போடப் போனீன்னா அப்புடியே ஒங்கப்பன் ஊரு வில்பட்டிக்குப் போயிரு. இங்க வராத."

அண்ணன் சொன்னால் சொன்னதுதான், அது நமக்குத் தெரியும். உங்கள் பிறந்த வீட்டிலும் பூண்டுக் காடு கூடப்பிறந்தவர்கள் கைக்குப் போய்விட்டது, நீங்கள் போய் நின்றால் யார் வைத்துப் பார்ப்பார்கள்? விட்டுவிடுங்கள் மதினி என்று நான்தான் கெஞ்சினேன். எலெக்சன் அன்று வெள்ளனே என் கதவைத் தட்டினீர்கள்.

"வெரசாக் கெளம்பு ஏத்தா."

"அண்ணன்?"

"பேசல. நானும் பேசல. சோத்த வச்சுட்டு வந்துட்டேன்."

"பயமா இல்லையா மதினி?"

"இல்லாம? கையப் பாரு." தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடத்தில்தான் பூத். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. உங்கள் முறை வந்தது. பெயரைச் சொன்னீர்கள், உங்கள் அப்பா பெயரையும் கணீரென்று சொன்னீர்கள். ஏஜென்ட் எழுந்துவிட்டான்.

"சார், இது வில்பட்டிக்காரி. அப்பன் பேருல்ல போட்டிருக்கு. இந்த வார்டுல இவளுக்கு என்ன சோலி?"

பூத் ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். "இவங்கள யாருக்காவது தெரியுமா?" நான் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நாத்தனாகாரி வேற என்ன சொல்லுவா?" என்று அந்தப் படுபாவி என் வாயை அடைத்துவிட்டான்.

அப்போதுதான் ஆண்கள் வரிசையில் அண்ணனைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். லாரி செட்டு ஆட்கள் எல்லாரும் சுற்றி இருந்தார்கள். அவர் அப்படியே வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், நீங்கள் ஓட்டுச் சீட்டு வாங்காமல் திரும்பியிருப்பீர்கள்.

அண்ணன் வரிசையை விட்டு வெளியே வந்தார். மேசைக்கு முன்னால் நின்று உங்கள் பெயரைச் சொன்னார். 'இந்தா', 'ஏ புள்ள' தவிர வேறு எதுவும் சொல்லி உங்களைக் கூப்பிட்டறியாத மனுஷன், முழுப் பெயரையும் சொன்னார். உங்கள் அப்பா பெயரையும் சொன்னார்.

"வில்பட்டியில அவரு மக. எம் பொண்டாட்டி. இந்த வார்டுலதேன் குடும்பம் நடத்துறா. சீட்டக் குடுங்க."

நீங்கள் மறைப்புக்குள் போனீர்கள். அப்போதெல்லாம் எலெக்சனில் நிற்கிற ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம். உங்கள் அம்மா பெரிய எலெக்சனில் சீட்டைப் பெட்டி மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்த கதையை நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நீங்கள் சரியாக உள்ளே போட்டீர்கள். எந்தப் பெட்டியில் என்று கடைசிவரை எனக்குக்கூடச் சொல்லவில்லை. குழாய் என்னவோ அடுத்த எலெக்சனுக்குப் பிறகுதான் வந்தது.

திரும்பி நடக்கும்போது, வில்பட்டிப் பாதை பிரிகிற இடத்தில் நிற்காமல் வீட்டுப் பக்கமே நடந்தீர்கள். நான் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்: "அன்னைக்கு ஆபீஸ்லயே அண்ணன் பேரச் சொல்லியிருந்தா இத்தன கூத்து இல்லையே மதினி?"

"இல்லதேன். அவுகளும் எம்பேரச் சொல்லியிருக்க மாட்டாகள்ல?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

மறுநாளே அண்ணன் பழையபடி 'இந்தா'வுக்குத் திரும்பிவிட்டார். மறுபடி உங்கள் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது போன மாசியில்தான். உங்களைத் தூக்கியபோது தெருமுனை வரை அதையே சொல்லிச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தார். அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை.

இன்னும் லாரிதான் ஓட்டுகிறார். லாரி செட்டில், கடையில், ஆபீசில் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் சொல்கிறேன். சொல்லாமல் காப்பாற்றத்தான் ஆள் இல்லை, மதினி.