நாலு தேசிக்காய்

ஐப்பசி, வெள்ளி இரவு.

குனிஞ்சு நிமிர ஏலாமல் நாரி பிடிச்சுப்போச்சு. மகன் இஞ்சை வாங்கிவிட்ட ஸ்போர்ட்ஸ் காருக்கு அலோய் வீல் எடுக்கவெண்டு சுன்னாகத்துக் கடைக்குப் போனன். அவன் ரொறன்ரோவிலை இருந்து வீடியோ கோலிலை நிண்டான். ஒவ்வொண்டாய்த் தூக்கிக் காட்டினன்.

"பாரம் குறைஞ்சால்தான் கார் பறக்கும் அப்பா, மற்றதையும் தூக்கிப் பாருங்கோ."

கடைசியிலை அவனுக்குக் கறுப்பு வீல்தான் பிடிச்சுது. புது ரயரும் போட்டாச்சு.

வீட்டை வந்ததும் மனுசி கற்பூரம் கொளுத்தி, நாலு சில்லுக்கு முன்னாலையும் தேசிக்காய் வைச்சா. கார் ஏறி நசிக்கவேணும். நான் சாவியைத் திருப்பப் போக, போனிலை மகன் கத்தினான்.

"இனி ஓடாதேங்கோ அப்பா, ரயர் தேஞ்சிடும். நான் வந்து ஓடுறன்."

"எப்ப தம்பி வாறாய்?" எண்டு மனுசி கேட்டா.

"பாப்பம் அம்மா."

பொழுதுபட்ட பிறகு நசியாத தேசிக்காயளை எடுக்கப் போனன். "கிடக்கட்டும்" எண்டிட்டா மனுசி.