தொப்புளுக்கு வைத்த எண்ணெய்

சண்டிலிப்பாய்

அன்புள்ள மகன் சுபாங்கனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம், நோர்வேக் குளிரில் நீயும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை. அம்மா எழுதினால் இப்படித்தான் தொடங்குவார். அவர் எழுதமாட்டார் என்பதால் அவருடைய இடத்தில் இருந்து உன் தங்கை தர்சிகா எழுதுகிறேன். இன்றைக்கு நான்தான் அம்மா, ஆகவே உன்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன், கோபம் வந்தால் விழுங்கிக்கொள். தொப்பி போடாமல் வேலைக்குப் போகாதே, பாணும் முட்டையும் தின்றே காலம் தள்ளாதே. இனி விசயம். எல்லோரும் சுகம் என்றதில் ஒருவர் குறைவு. அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், நாளைக்குக் காலையில் ஒப்பரேசன். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடமும் அப்பாவிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். தகப்பன் சைக்கிளாலை விழுந்ததுக்கே வேலையை விட்டிட்டு ஓடிவந்தவன், எனக்கெண்டால் பிளேனையும் தள்ளிக்கொண்டு வருவான் என்றார்.

பயப்படாதே, வயிற்றைக் கிழிக்கப் போவதில்லை. தொப்புளில் ஒரேயொரு சின்ன வெட்டு, அதற்குள்ளாலேயே கமராவும் கருவிகளும் விட்டுக் கல்லோடு பையை எடுத்துவிடுவார்களாம். இதற்கென்றே வளைத்துச் செய்த கருவிகள் இருக்கின்றனவாம், ஆனால் எங்கள் டொக்டர் வழக்கமாக நாலு துளை போட்டுச் செய்யும்போது பாவிக்கிற அதே நேரான கருவிகளாலேயே செய்வார். ஒன்றோடொன்று முட்டத்தான் செய்யும், கை பழகிவிட்டது என்றார். அம்மா விடுவாரா, ஒரு சட்டிக்குள்ளை நானும் இவளும் ரெண்டு அகப்பை போட்டால் கறி நிலத்திலை, நீங்கள் என்னெண்டு ஐயா செய்வியள் என்று கேட்டார். டொக்டர் சிரித்துவிட்டு, முட்டுப்பட்டால் பக்கத்திலை இன்னொரு துளை போடுவன் அம்மா, அடம்பிடிக்கமாட்டன் என்றார். தழும்பு தொப்புளுக்குள் மறைந்துவிடும் என்றதில்தான் அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம். தழும்பு தெரியாட்டி, வாற மருமகளுக்கு என்னத்தைக் காட்டிச் சட்டி கழுவ விடுறது என்றார். அங்கே யாரையாவது பார்த்து வைத்திருந்தால் அவளுக்கு நல்ல காலம் என்று சொல்லிவிடு.

பின்னேரம் நடந்ததையும் கேள். வெட்டுகிற இடம் மெத்தென்று இருந்தால் டொக்டருக்கு வசதி என்று நினைத்து, அம்மா தொப்புள் நிறைய நல்லெண்ணெய் விட்டுக்கொண்டு வார்டில் படுத்திருந்தார். நீ பிளேன் ஏறின அன்றைக்கு உனக்கும் விட்டாரே, அதே போத்தல், உடுப்புப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோயிருக்கிறார். அந்த இடத்தைத் துப்புரவாக்க வந்த நேர்ஸ் மிஸ்ஸி, என்னம்மா, ஒப்பரேசனுக்கு வந்தனீங்களோ வடை சுட வந்தனீங்களோ, தொப்புளுக்குள்ளை ஊத்தை கிடந்தால் கிருமி போகுமெல்லோ என்று ஏசி ஏசியே பஞ்சால் துடைத்தார். முழு வார்டும் சிரித்தது, நானும்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்ரை பெடியனுக்கும் உப்பிடித்தான் விட்டு அனுப்பினனான், அவனுக்கு ஒண்டும் செய்யாதோ பிள்ளை என்று மிஸ்ஸியை மெதுவாகக் கேட்டார். வெட்டு அவருக்கு, கவலை உன்னைப் பற்றி.

வீட்டுக்கு வந்தபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பை ஒட்டிப்போய்க் கிடந்தால் வயிற்றைத் திறக்கவும் வேண்டிவரும் என்று டொக்டர் சொன்னதை மேலே எழுதாமல் விட்டேன். என் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் பித்தப்பைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அது ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று அதில் போடவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார், ஆனால் குறட்டை இல்லை. அவருடைய போனால் இதைப் படமெடுத்து அனுப்புகிறேன், வாயால் சொன்னால் அழுதுவிடுவேன்.

அண்ணை, எனக்குப் பயமாக இருக்கிறது. ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோக முன்னம் அம்மாவுக்குப் போன் எடுங்கோ. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார், பாணும் முட்டையும் என்று சொல்லுங்கோ. ஆசை தீர உங்களை ஏசிவிட்டு உள்ளே போகட்டும்.

ஆசீர்வாதம் தர எனக்கு வயது காணாது. அதற்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டுத் தாளைப் புத்தகத்துக்குள் வைக்கிறேன். அம்மா வீட்டுக்கு வந்து தன் கையாலேயே போடட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா

. . . . . . . . . . . . . . .