பம்பளிமாஸும் அத்திம்பேரின் கைநடுக்கமும்

அக். 7, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். அடையாறு லேபுக்கு நொதி வந்து சேர்ந்தது. தெர்மகோல் பெட்டி நிறைய உலர்பனி, நடுவில் சின்னச் சின்னக் குப்பிகள். நம் குடலிலும் கல்லீரலிலும் மருந்தைச் சிதைக்கிற அதே நொதி. ஆனால் எந்த மனிதரிடமிருந்தும் எடுத்ததில்லை. மனித மரபணுவைப் பூச்சிச் செல்லுக்குள் வைத்து வளர்த்தது. இத்தனை வருஷமாகியும் பெட்டியைத் திறக்கும்போது வேடிக்கை பார்க்கிற மனசு.

சாயங்காலம் மயிலாப்பூர், அக்கா வீடு. அத்திம்பேருக்குக் கை நடுங்குகிறது. சட்டைப் பொத்தானை அக்கா போட்டுவிட்டாள். பல் டாக்டருக்குக் கை நடுங்கினால்? ஆழ்வார்பேட்டை கிளினிக் பூட்டியே கிடக்கிறதாம்.

அக். 8, புதன்

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க அத்திம்பேர் போடும் மாத்திரை, ரத்தத்தில் எக்கச்சக்கம். நடுக்கம் அதனால்தான். இப்படியே விட்டால் அந்தச் சிறுநீரகமே கெடும். மறந்துபோய் இரண்டு தடவை போட்டுக்கொள்கிறாரா என்று டாக்டர் கேட்டாராம்.

அக்கா பொரிந்து தள்ளினாள். "என் வயத்துலேர்ந்து எடுத்துக் குடுத்ததுன்னா அது! மாத்திரையை ஒழுங்கா போட்டுக்கத் தெரியாதா?"

"ஒரு தடவைதாம்மா போட்டுண்டேன்." என்றார் அத்திம்பேர்.

பொய் சொல்கிற முகமில்லை. அப்படியானால் மாத்திரை கூடவில்லை, சிதைவது குறைந்திருக்கிறது. ஏன்?

அக். 9, வியாழன்

தெற்கு மாட வீதி. வெற்றிலை, பூ, ரிப்பேருக்குக் கொடுத்த மிக்சி ஜார். பழ வண்டிக்கார அம்மா கூப்பிட்டாள்.

"இன்னா மேடம், ஒங்க அக்கா ரெண்டு நாளா வர்ல? அவங்களுக்குனே பம்பளிமாஸ் எடுத்து வெச்சுகினு கீறேன்."

"தினம் வாங்குவாளா?"

"சீசன் ஆரம்பிச்சதுலேர்ந்து. ஊட்டுக்காரருக்கு ஒடம்பு தேறணும்னு."

நடுரோட்டில் நின்றுவிட்டேன். ஆட்டோக்காரர் திட்டினார். பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட், எல்லாம் ஒரே கூட்டம். அந்த நொதியை முடக்கக்கூடியவை. ஆபரேஷன் முடிந்து வந்தபோது நர்ஸ் சொல்லியிருந்தார், கிரேப்ஃப்ரூட் கூடாது என்று. அக்கா அதைத் திராட்சை என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து திராட்சையை வாசல்படி தாண்ட விட்டதில்லை!

ஒரு பழம் வாங்கினேன். அங்கேயே நின்று அத்திம்பேருக்குப் போன். அந்தப் பழத்தைத் தொடாதீங்கோ, டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்கோ.

அவர் மெதுவாக, "உங்க அக்காட்ட சொல்லாதே. நானே வெளில வாங்கித் தின்னேன்னு சொல்லிடறேன்."

அக். 10, வெள்ளி

பம்பளிமாஸைச் சோதித்துப் பார்க்க லேப் தலைவி மாலதி மேடத்திடம் அனுமதி கேட்டேன். "பழச்சாறுக்கு என் நொதியா?" என்று முறைத்தார். இரண்டு நிமிஷம் கழித்து அவரே வந்து, "கமலா ஆரஞ்சும் சேத்து வெச்சுப் பாரு. ஒப்பிட ஏதாவது வேணாமா?"

மூன்று குழாய். எல்லாவற்றிலும் அதே நொதி, அதே மருந்து. ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் கமலா, ஒன்றில் பம்பளிமாஸ். தண்ணீரிலும் கமலாவிலும் மருந்து பாதிக்கு மேல் காலி. பம்பளிமாஸில் போட்டது போட்டபடி. என் தோளுக்குப் பின்னால் மேடம்: "அடேயப்பா."

குழாயில் நடந்தது அத்திம்பேர் குடலில் நடந்ததற்குச் சாட்சி ஆகாது. ரத்தம்தான் சொல்லவேண்டும். தெரிந்தும் சந்தோஷம். சந்தோஷப்பட்டதற்கு வெட்கம்.

அக். 12, ஞாயிறு

நல்ல மழை. துணி காயவில்லை.

டாக்டர் இன்றுதான் போனில் கிடைத்தார். ஒரு வேளை மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே தொடரச் சொன்னார். பழம் அறவே கூடாது. "யார் குடுத்தா?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் இருந்தது.

"நானேதான் வாங்கித் தின்னேன்" என்றார் அத்திம்பேர்.

"பொய். தெனம் உரிச்சுக் குடுத்தது நான்" என்றாள் அக்கா.

போனை வைத்தபின் என்னிடம் வந்தாள். "திராட்சையைத்தானேடி வேண்டாம்னா?" அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மத்தியானம் அவருக்கு வெறும் தயிர்சாதம். ராத்திரிக்கும் அதுவேயாம். வேறு எதைத் தொடவும் அவளுக்குப் பயம்.

அக். 16, வியாழன்

மாத்திரை அளவு ரத்தத்தில் இறங்கிவிட்டது! சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பழம்தான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். லேபில் நொதியோடு பழச்சாற்றைக் கலந்து பார்த்த கதையை அக்காவிடம் சொன்னேன். நடுக்கம் ரொம்பக் குறைச்சல். திங்கட்கிழமை கிளினிக் திறக்கிறாராம்.

கிளம்பும்போது அக்கா கேட் வரைக்கும் வந்தாள். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கொய்யாப்பழம் குடுக்கலாமாடி?"

டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

"அவரையும் கேளு. உன் நொதியையும் ஒரு வார்த்தை கேட்டுடு."