மழை வெறிப்பதற்குள் அப்பாவைக் கூப்பிடுங்கள்

கட்சால் தீவு,
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு, சந்திரமதி எழுதுவது. அங்கே கப்பல்துறை ஜெட்டி வேலையில் சௌகரியமா என்று கேட்கவும் மனம் நிற்கவில்லை. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அப்பா தூங்குகிறாரா, சும்மா கண்ணை மூடியிருக்கிறாரா தெரியவில்லை.

இன்று மதியம் சிவஞானம் சித்தப்பா வந்தார். சுனாமியில் என்னைக் காப்பாற்றியவர் என்று, பொங்கல் வைத்தால் அம்மா முதலில் அவருக்குத்தானே கொடுத்தனுப்புவாள்? இன்று அவர் உள்ளே வரவில்லை. மொதல்ல நான் சொல்றதைக் கேளுங்க அண்ணே என்று மழையிலேயே நின்றார்.

அவர் ஒரு வருஷமாகச் சர்ச்சுக்குப் போகிறார். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானமாம். காணிக்கை கொண்டுவரும்போது யாருக்காவது உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு சமாதானமாகு என்று இயேசு சொல்லியிருக்கிறாராம். உங்களுக்கு என்மேல குறையே இல்ல, அதுதான் என்னைக் கொல்லுது என்றார்.

பிறகு சொன்னார், அண்ணா. அன்று அவர் என்னை மட்டும் தூக்கவில்லையாம். ஒரு கையில் நான், இன்னொரு கையில் நம் தம்பி அன்பழகன். மரக்கிளையைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்ததாம். தம்பி அவர் சட்டையை விடவில்லையாம். அவன் விரலை நானேதான் பிரிச்சு விட்டேன் என்றார். தம்பியைப் பார்க்கவே இல்லை என்று இத்தனை வருஷம் சொன்னவர்!

அம்மா ஒன்றுதான் கேட்டாள், அழுதானா என்று. இல்ல அண்ணி, சித்தப்பான்னு கூப்பிட்டான் என்றார். இனி நான் ஜெட்டிக்குப் போக வேண்டியதில்லை என்றாள் அம்மா. தம்பி வந்து இறங்குவானா என்று ஒவ்வொரு கப்பலுக்கும் போய்ப் பார்ப்பாளே, அதைச் சொன்னாள். அப்புறம் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அப்பா அதைத் தட்டிவிட்டார். உன் சாமிகிட்ட நல்ல பேரு வாங்க என் புள்ளைய ரெண்டாந்தடவை சாகடிக்கணுமாடா என்று கத்தினார். நீங்க என்ன செஞ்சாலும் ஏத்துக்கிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா போய்விட்டார்.

எனக்கு அப்போது ஆறு வயது. ஒன்றுமே நினைவில்லை. நினைவிருந்திருக்க வேண்டுமோ?

சாயங்காலம் முழுக்க அப்பா பால்வெட்டுக் கத்தியைத் தீட்டினார். இந்த மழையில் ரப்பர் வெட்டினால் பால் கரைந்து ஓடிவிடும் என்று யாரும் தோட்டத்துக்குப் போவதில்லை. பிறகு எதற்குக் கத்தி? மழை வெறித்து நின்றுவிட்டால் விடியுமுன்பே வெட்டுக்குப் போவார்கள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அடுத்தடுத்த ப்ளாக். அந்த இருட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

நாளைக் கப்பலில் செல்லம் அக்கா அங்கே வருகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பார்த்தவுடன் தோட்ட ஆபீசுக்கு போன் செய்து, கால் உடைந்து கிடக்கிறேன், உடனே வாங்க என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பொய்தான். பாவமென்றால் என்மேல் இருக்கட்டும். நான் இங்கே போன் பூத்தில் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். பதில் எழுத வேண்டாம்.

சித்தப்பாவை விட்டுவிடுங்கள் என்று அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். தம்பியை விட்டுப் பிழைத்த நான் சொல்லக்கூடாது. மதியத்திலிருந்து அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா அங்கே வந்ததும் முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். பிறகு மெதுவாக, கணக்கில் எனக்கு நல்ல மார்க் என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு எல்லா வேலையும் செய்கிறேன் என்றும் சொல்லுங்கள் அண்ணா.

உங்கள் தங்கை,
சந்திரமதி