உன்னை ஜெயித்த சனிக்கிழமை

நேற்று சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் போக்கர் ஆடிக்கொண்டு வந்தார். டை கட்டிய, முப்பது வயதுக்காரர். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சுமாரான ஒரு ஜோடியை நம்பி இருந்ததையெல்லாம் மொத்தமாகத் தள்ளிவிட்டு அவுட்டானார். "இம்மாஞ் சீக்கிரமாவா?" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. முறைத்தார். அது என் பேச்சு இல்லை, உன்னுடையது என்று அவரிடம் எப்படி விளக்குவது?

இதே வழித்தட பஸ்ஸில்தானே நீ படித்தாய். 2004இல், கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கணக்குப் பாடம் எடுக்கப் போகிற டீச்சர், பிரவுன் அட்டை போட்ட தடிப் புத்தகத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்துக்கொண்டு போவாள். பாடப் புத்தகம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். போக்கர் போட்டிகளில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எழுதிய புத்தகம் என்று யாருக்குத் தெரியும்?

காரணம் நான்தான். பதினைந்து வருஷம் கிளப்பில் ரம்மி ஆடி, கடைசியில் உன் சங்கிலியை உனக்குத் தெரியாமல் அடகு வைத்தவன். நீ அழவில்லை. அம்மா வீட்டுக்கும் போகவில்லை. சிங்கப்பூரில் இருந்த உன் தம்பியிடம் சீட்டாட்டப் புத்தகம் கேட்டாய். ரம்மிக்கு அங்கே கிடைக்கவில்லை, போக்கர் டோர்னமென்ட்டுக்கு மூன்று கிடைத்தன. அவற்றைப் படித்துவிட்டு ஒரு நாள் என் எதிரே வந்து உட்கார்ந்தாய்.

"கிளப்புக்குப் போவாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன் மாமா. சனிக்கெழம மத்தியானம் என்கூட ஒரு டோர்னமென்ட் ஆடுங்க. ஜெயிச்சா அந்த வாரம் பூரா போங்க. தோத்தா அந்த வாரம் கெடையாது."

சீட்டையே தொடாதவள் சொல்கிறாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆளுக்கு நூறு சாக்பீஸ் துண்டு. கால் மணிக்கு ஒரு முறை, கட்டாயம் வைக்க வேண்டிய பந்தயம் ஏறும். துண்டு தீர்ந்தவர் அவுட். முதல் மூன்று வாரமும் நானே ஜெயித்தேன், மூன்று வாரமும் வெட்கமில்லாமல் கிளப்புக்குப் போனேன்.

நான்காவது சனிக்கிழமை நீ ஆட உட்காரவில்லை. சீட்டையெல்லாம் மேஜையில் பரப்பி எண்ணினாய். "கையில ரெண்டு ராஜா இருந்தா வெளிய மிச்சம் ரெண்டுதான்னு புத்தகத்துல போட்டிருக்கு. இங்க ஆறு இருக்கு. ரெண்டு கட்டக் கலந்து வெச்சிருக்கீங்க மாமா."

சத்தியமாக ஏமாற்ற நினைக்கவில்லை. ரம்மிக்காரனுக்குச் சீட்டு என்றாலே இரண்டு கட்டுதான். புத்தகம் எழுதியவர்களோ ஒரு கட்டு என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று விட்டிருந்தார்கள். நீ ஒரு கட்டைப் பிரித்து பீரோவில் வைத்துப் பூட்டினாய். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் நான் ஜெயிக்கவே இல்லை.

இப்போது நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கிறது. எனக்கு வந்த சீட்டையெல்லாம் ஆடியாக வேண்டும். நீ பாதியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய்வாய். தூங்குகிறாயா என்று சீண்டுவேன். "இம்மாஞ் சீக்கிரமா எதுக்கு அவுட்டாவணும்?" என்பாய். பந்தயம் ஏற ஏற வேறு ஆளாகிவிடுவாய். ஒன்றுக்கும் ஆகாத கையை வைத்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளி என்னைப் பார்ப்பாய், நான் பயந்து விட்டுவிடுவேன். நான் பொய்யாகத் தள்ளினால் மட்டும் எப்படியோ பிடித்துவிடுவாய். இரண்டு வருஷம் கெஞ்சிய பிறகுதான் காரணத்தைச் சொன்னாய். "கையில ஒண்ணும் இல்லன்னா டீ கேப்பீங்க மாமா."

"நீ கோவா போக்கர் போட்டிக்குப் போனா கப்போடதான் வருவ" என்றேன் ஒரு நாள். நீ கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, "எனக்கு இந்த ஆட்டமே புடிக்காது. தலவலிதான் ஜாஸ்தி. உங்களுக்காவத்தான் படிச்சேன்" என்றாய். பிடிக்காத ஒன்றை ஒருத்தி இவ்வளவு ஆழமாகப் படிப்பாளா?

அன்றே நான் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். கிளப் ஆசை அதற்குள் எனக்கு விட்டுப்போயிருந்தது. எப்போது போனது என்றுகூடத் தெரியாது. சொன்னால் சனிக்கிழமை ஆட்டத்தை நீ நிறுத்திவிடுவாய். அதனால் தோற்றபோதெல்லாம் கிளப்புக்குப் போக முடியாதவன் போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். நான்கு வருஷம் அப்படியே ஓட்டினேன். உன் தலைவலியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

2011இல் உனக்கு உடம்பு முடியாமல் போனது. சிகிச்சை முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை, கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து ஆடினாய். கடைசிச் சீட்டு எனக்குச் சாதகமாக விழுந்தது. நியாயமாகவே ஜெயித்துவிட்டேன்.

"போயிட்டு வாங்க மாமா. சொன்னா சொன்னதுதான்."

மறுக்க வழியில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"ஏன் போவல?"

"கால் வலிக்குது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். என் பொய் ஒன்றையும் விட்டுவைத்தவள் இல்லை நீ. பிறகு சீட்டைக் கூட்டி அள்ளினாய். "அப்ப இன்னொரு ஆட்டம் போடுவமா?" என்றாய்.

அத்தனை வருஷத்தில் நீயாக ஒரு ஆட்டம் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.