மிக அருகில் உள்ள புள்ளி

4 ஜூலை 1994

கட்டுரையைக் கணித இதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! ஃபஸி மேப்பிங்குகளின் நிலைப்புள்ளி பற்றிய என் முதல் கட்டுரை. பாறசாலையில் பாரலல் காலேஜ் என்கிற தனியார் டுடோரியலில் எட்டு வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். பதினெட்டாம் தேதி நெய்யாற்றின்கரையில் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசி. ஏற்கப்பட்ட கட்டுரை ஒன்றாவது வேண்டுமாம். இருக்கிறதே!

அது என்ன கணக்கு என்று கேட்டார் என் வீட்டுக்காரர் ஜெயதாஸ். பனச்சமூட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். "ஒரு புள்ளியை ஒரு கூட்டத்துக்கு அனுப்புவோம். அந்தக் கூட்டத்தில் சிலது முழுசா உள்ளே, சிலது பாதி உள்ளே. அனுப்பின புள்ளியே அதில் முழுசா இருந்தா அது நிலைப்புள்ளி" என்றேன்.

"நம்ம பனச்சமூடு மாதிரி ஆக்கும். பாதி கேரளம், பாதி தமிழ்நாடு."

பரவாயில்லை, என் பி.எஸ்ஸி. பிள்ளைகளைவிட வேகம்.

8 ஜூலை

கட்டுரையை மறுபடி படித்தேன். நான்காம் பக்கம். 'கூட்டத்தில் மிக அருகில் உள்ள புள்ளியை எடுப்போம்' — எங்கிருந்து எடுப்பேன்? நான் எடுத்துக்கொண்ட கூட்டங்களில் நெருங்கி நெருங்கிப் போகலாம். 'இதுதான் மிக அருகில்' என்று ஒன்று இல்லாமலே இருக்கலாம். அய்யோ. தேற்றம் முழுதும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

9 ஜூலை

பிழையைச் சொன்னேன். "வேற ஆருக்காவது தெரியுமா?" என்றார் ஜெயதாஸ்.

"இல்லை."

"பின்ன நீ எதுக்கு கெடந்து துடிக்கணும்? இன்டர்வியூ கழியட்டும். பேசாம இரி."

எனக்குத் தெரிஞ்சு போச்சே! அத எங்க கொண்டு வைக்க?

11 ஜூலை

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்கு எழுதி, உறையை ஒட்டி, தபாலில் போட அவரிடம் கொடுத்தேன். நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

18 ஜூலை

ஏற்கப்பட்ட கட்டுரை உண்டா என்றார்கள். இல்லை என்றேன். ஒன்றுகூடவா? இல்லை. மூன்று நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள்.

19 ஜூலை

உண்டு என்று சொல்லியிருக்கலாமோ? சீ.

22 ஜூலை

தனுவச்சபுரம் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றபோது — மிக அருகில் எதற்கு? கொஞ்சம் தள்ளி இருந்தாலும் போதுமே! ஒவ்வொரு தடவையும் தூரம் சுருங்குகிற விகிதம் ஒன்றுக்குக் குறைவு. அந்த மிச்சம் இந்தக் கொஞ்சத்தைத் தாங்கிவிடும். டிக்கெட்டின் பின்னால் எழுதிப் பார்த்தேன். நிற்கிறது! சந்தோஷத்தில் இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய் இறங்கினேன். பிறகு அழுகை வந்தது. திரும்பப் பெற்ற கட்டுரைக்கு நிரூபணம் கிடைத்து என்ன?

24 ஜூலை, ஞாயிறு

இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை. டெஸ்டருக்காக அவருடைய கடைப் பையைத் துழாவினேன். உள்ளே என் உறை. ஒட்டியது ஒட்டியபடி. பதின்மூன்று நாள்!

"உனக்கு மனசு மாறும்னு நெனச்சு வச்சிருந்தேன். நீ இன்டர்வியூக்குப் போய் இல்லேன்னு சொல்லுவேன்னு ஆரு கண்டா?"

பக்கத்து வீட்டுக் குமாரி எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். தபாலில் போடவில்லை என்று அன்றே சொல்லியிருந்தால்... சொல்லியிருந்தாலும் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

26 ஜூலை

வேலை வேறொருவருக்கு.

கட்டுரை இன்னும் இதழில்தான் இருக்கிறது. பழைய உறையைக் கிழித்துப் போட்டேன். புதுக் கடிதம்: நான்காம் பக்கத்தில் பிழை இருந்தது, அந்த வரியை எடுத்துவிட்டு இணைத்துள்ள பத்தியைச் சேர்க்கவும்.

"தா, நான் போடுதேன்" என்றார். கொடுக்கவில்லை.

"கோவம் தீரல்லியா?"

"பாதி."

மழையில் தபாலாபீஸுக்கு நானே நடந்தேன். கூடவே வந்தார். குடையைப் பிடிக்க மட்டும் விட்டேன்.